நீல மையில் ஒரு விளக்கக் கடிதம்

— நீல மை, பெர்மெத். கறுப்புல எழுதினா விசாரணைக் கமிஷன் வாங்காது. அடிச்சுத் திருத்தவும் கூடாது. இது உனக்கு மூணாவது காகிதம்.

— எழுத எழுதத் தப்பாகுது, குல்பரா எஜே.

— இந்த நாற்காலியில உக்காந்தவங்க யாருக்குத் தப்பாகல? பதினெட்டு வருஷமா இந்த டீன் ஆபீஸ்ல குப்பை கொட்டறேன். எத்தனை பேரைப் பாத்திருக்கேன். எஜேன்னு கூப்பிடறே இல்ல, அக்கா கொடுக்கறேன், ஒரு வாய் டீ குடிச்சுட்டு எழுது.

— வேண்டாம் எஜே. முதல்ல இதை முடிச்சுடறேன்.

— அரைக் கிண்ணம்தானே ஊத்தியிருக்கேன்? விளிம்பு வரைக்கும் ஊத்தினாத்தானே எழுந்து போன்னு அர்த்தம். உன்னைப் போகவா சொன்னேன்? குடி கண்ணு. டவுன் தண்ணி இல்ல, குளோரின் நாத்தம் அடிக்காது. ஞாயித்துக்கிழமை என் பொண்ணு வீட்டுக்குப் போய் நானே கேன்ல பிடிச்சுட்டு வர்றது.

— நல்லா இருக்கு எஜே.

— இருக்கும். ரெக்டர் ஆபீஸ்லேர்ந்துகூட மாடி இறங்கி வந்து குடிச்சுட்டுப் போறாங்க. நம்ம நீரியல் வாத்தியார் ஜோல்டோஷ் அகாய் இருக்காரே, பாடம் நடத்தறாரோ இல்லையோ, ஒரு நாளைக்கு நாலு கிண்ணம் உள்ளே தள்ளிடுவார். ரெண்டு வாரமாத்தான் ரத்த அழுத்தம், டாக்டர் கூடாதுன்னுட்டார்னு கும்பிடு போடறார். சரி, மணி ரெண்டரை. மூணுக்குக் கமிஷன் உக்காரும். நான் சொல்லச் சொல்ல எழுது. “நான்காம் ஆண்டு நீரியல் மாணவி பெர்மெத் ஆகிய நான் அளிக்கும் விளக்கம்.”

— ம்.

— “பட்ட ஆய்வுக்காக நான் இரண்டு இடங்களில் தண்ணீர் எடுக்க வேண்டும். கடைசி மூன்று வாரம், சோம்பலால் இரண்டாவது இடத்துக்குப் போகவில்லை. இரண்டு பாட்டிலையும் ஒரே இடத்தில் நிரப்பினேன்.” ஏன் நிறுத்திட்டே?

— அது பொய், எஜே. நான் போனேன்.

— கேட்டுக்கோ. ஒத்துக்கிட்டா ஒரு கண்டிப்பு, செப்டம்பர்ல மறுபடி ஆய்வு, அவ்வளவுதான். மறுத்தா நீக்கம். போன வருஷம் சட்டப் பிரிவுல ஒருத்தன் நெஞ்சை நிமித்திக்கிட்டு உள்ளே போனான். சாயங்காலம் அவன் மெத்தை ஹாஸ்டல் வராந்தாவுல கிடந்துச்சு. அழுதவன் எல்லாம் பாஸ் பண்ணிட்டான். அழத் தெரியுமா உனக்கு?

— காலையிலேர்ந்து அதைத்தானே பண்றேன்.

— அதை உள்ளே போய்ப் பண்ணு. இங்கே எதுக்கு வீணாக்கறே? அப்பா என்ன பண்றார்?

— ரஷ்யாவுல டாக்சி ஓட்டறார். அவருக்கு இன்னும் சொல்லல. என்னை நீக்கினா பெரியப்பா வந்து ஊருக்குக் கூட்டிட்டுப் போயிடுவார். மாப்பிள்ளைகூடப் பாத்து வச்சிருக்கார். லாரி வச்சிருக்கானாம். ரெண்டாம் வருஷத்துலேர்ந்து அவர் காத்துக்கிட்டு இருக்கறதே இதுக்குத்தான்.

— அப்போ எழுதேன்டி. ஒரு கையெழுத்துல தப்பிச்சுடலாம்.

— யார்கிட்ட முறையிடறதுன்னுதான் புரியல எஜே. புகார் எழுதினவர் ஜோல்டோஷ் அகாய். கமிஷன் தலைவரும் அவரே. என் ஆய்வுக்கு வழிகாட்டியும் அவரே.

— சின்ன யுனிவர்சிட்டி, ஆளுக்கு மூணு தொப்பி. இதுல என்ன அதிசயம்? அவரே வந்து சொன்னார், “எஜே, அந்தப் பொண்ணை மிரட்டாதீங்க, ஒத்துக்கிட்டா விட்டுடலாம்”னு. எவ்வளவு தன்மையாச் சொன்னார் தெரியுமா?

— அவர் தன்மையாப் பேசறதுதான் எனக்குப் பயமா இருக்கு.

— வாயைப் பாரு. அவர் சொல்றதுல என்ன தப்பு? ரெண்டு இடத்துத் தண்ணி, நடுவுல ஒரு ஆறே ஓடுது. ரெண்டுலயும் ஒரே நம்பர் எப்படி வரும்? எனக்கே கேக்கத் தோணுது, நான் தட்டச்சு அடிக்கறவ.

— முதல்ல ஒரே நம்பர் இல்ல எஜே. பழைய யுரேனியச் சுரங்கத்துக் கழிவு மேட்டுக்குக் கீழே ஒரு கிணறு இருக்கு. முள்வேலி, மண்டையோட்டுப் பலகை எல்லாம் போட்டது. அதை யாரும் குடிக்கறதில்ல. அதுல யுரேனியம் லிட்டருக்கு நூத்தி அறுபது மைக்ரோகிராமுக்குக் குறையாது. புதுக் குடியிருப்புக் குழாயில எட்டு, ஒன்பது. முப்பது வரைக்கும் குடிக்கலாம். எட்டு வாரம் அப்படித்தான் இருந்துச்சு. மார்ச்ல மேடு சரிஞ்சுது. அதுக்கப்புறம் மூணு வாரம் ரெண்டுலயும் நூத்தி அறுபத்தெட்டு.

— அப்போ அந்த மூணு வாரம் நீ அங்கே போகலன்னுதானே அர்த்தம்?

— இல்ல. மேட்டுப் பக்கத்துலேர்ந்து ஆத்தைத் தாண்டி வர்ற குழாய் சரிவுல உடைஞ்சு, கழிவுத் தண்ணி உள்ளே வந்துடுச்சுன்னு அர்த்தம்.

— போதும் நிறுத்து. இதுக்குத்தான் உன்மேல எனக்குக் கோபமே. அந்தக் குடியிருப்பு எனக்குத் தெரியாதா? என் பொண்ணு மய்ராமைக் கட்டிக் கொடுத்ததே அங்கேதான். போன இலையுதிர் காலத்துல குழாயைத் திறந்தப்போ நானும்தான் கை தட்டினேன். தண்ணியைச் சோதிச்சுச் சான்றிதழ்ல கையெழுத்துப் போட்டது யாரு? ஜோல்டோஷ் அகாய். அதை அடிச்சது யாரு? நான். நகல் அதோ அந்த அலமாரியில இருக்கு. வர்ற சனிக்கிழமை அந்தக் குழாய்த் திட்டத்தைப் பாக்க, பணம் கொடுத்த வெளிநாட்டு ஆளுங்க வர்றாங்க. இப்பப் போய் இவ விஷம்கிறா.

— எஜே.

— என்ன?

— கேன்ல பிடிச்சுட்டு வர்றதாச் சொன்னீங்களே, உங்க பொண்ணு வீட்டுலேர்ந்து.

— ஆமா. அந்தக் குழாய்தான். அதுக்கு ஏன் கிண்ணத்தைக் கீழே வச்சுட்டே?

— உங்க பொண்ணும் இதைத்தான் குடிக்கறாங்களா?

— வேற எதைக் குடிப்பா? கிண்ணத்தை எடு. என் டீயை இப்படிப் பாதியில யாரும் வச்சதில்ல.

— மன்னிச்சுக்குங்க எஜே. என்னால முடியாது.

— முடியாதா? சரி. இங்கே கொடு. இதோ, விளிம்பு வரைக்கும் ஊத்திட்டேன். பாரு, தளும்புது. புரியுதா?

— புரியுது. எழுந்து போகச் சொல்றீங்க.

— கையெழுத்துப் போட்டுட்டுப் போ. மிச்சத்தை நானே சொல்லிக்கறேன்.

— குழாய்க்கு எதிர்த்தாப்புல நீலக் கேட்டு. வாசல்ல ஒரு காது இல்லாத நாய். பேரு போல்டு.

— என்ன உளர்றே?

— அந்தக் கேட்டு வீட்டு அக்கா ஒவ்வொரு செவ்வாயும் எனக்குப் போர்சோக் பலகாரம் சுட்டுக் கொடுத்தாங்க. தலையில துணி கட்டாம குளிர்ல நிக்கறேன்னு திட்டினாங்க. வயித்துல குழந்தை. “எங்கம்மா உங்க யுனிவர்சிட்டியிலதான் வேலை பாக்கறாங்க, பேர் சொன்னா எல்லாரும் நடுங்குவாங்க”ன்னு சிரிச்சாங்க. யாருன்னு நான் கேட்டுக்கல எஜே. சத்தியமா இப்பத்தான் தெரியும்.

— நாய் பேரு போன்ல யாரைக் கேட்டாலும் சொல்லுவாங்க. முதல் எட்டு வாரம் போனதா இருக்கலாம். கடைசி மூணு வாரம் போனதுக்கு என்ன சாட்சி? மினிபஸ்காரன் டிக்கெட் கொடுப்பானா?

— கடைசியாப் போன அன்னிக்கு அவங்க செருப்பு போட்டுக்கல. கால் ரெண்டும் வீங்கி, விரல்கூடத் தெரியல. கணவரோட ரப்பர் பூட்ஸைப் போட்டுக்கிட்டு வந்தாங்க. முகம்கூட ஊதியிருந்துச்சு. “அம்மாகிட்ட மட்டும் யாரும் சொல்லிடாதீங்க, உடனே கிளம்பி வந்து உக்காந்துடுவாங்க”ன்னு பக்கத்து வீட்டுக்காரங்ககிட்ட சொன்னாங்க.

— மய்ராமுக்கு வீக்கமெல்லாம் கிடையாது. ஞாயித்துக்கிழமை பாத்தேனே. படுக்கையில கம்பளியைப் போத்திக்கிட்டு...

— எஜே?

— கம்பளியை எடுக்கவே இல்ல. இந்தத் தடவை எனக்குத் தண்ணிகூட மருமகன்தான் பிடிச்சுக் கொடுத்தான்.

— போன் பண்ணுங்க எஜே. தயவுசெஞ்சு.

— பண்றேன். பொய்னு தெரிஞ்சா நானே உன்னைக் கையைப் பிடிச்சு உள்ளே இழுத்துட்டுப் போவேன். ஸ்பீக்கர்ல போடறேன், இந்தப் போன் காதுல வச்சா கேக்காது. ஹலோ, மய்ராம்?

— என்னம்மா, வேலை நேரத்துல? உன் மருமகன் மறுபடி உன்கிட்ட ஏதாவது கோள் மூட்டிட்டானா?

— கால் வீக்கம் எப்படி இருக்கு?

— உனக்கு யாரு சொன்னது?

— கேட்டதுக்குப் பதில் சொல்லு.

— ஏழாம் மாசத்துல யாருக்குத்தான் வீங்காது? டாக்டரம்மா சிறுநீர்ல ஏதோ இருக்குன்னு மாத்திரை கொடுத்திருக்காங்க. நிறையத் தண்ணி குடிக்கச் சொன்னாங்க, குடிக்கறேன். இதுக்கு எதுக்கு உன் குரல் இப்படி இருக்கு?

— பாட்டில் வச்சுக்கிட்டு ஒரு பொண்ணு அங்கே வருவாளா?

— பெர்மெத்தா? தங்கமான பொண்ணு. பனியானாலும் செவ்வாய்க்கிழமை தவறாது. மண் சரிஞ்சு மினிபஸ் நின்னுபோன வாரம்கூட ஆத்துப் பாலத்துலேர்ந்து நடந்தே வந்துச்சு. ரெண்டு வாரமாக் காணோம். பரீட்சையா?

— மண் சரிஞ்சதுக்கு அப்புறமும் வந்தாளா? நல்லா நினைச்சுப் பாத்துச் சொல்லு.

— மூணு தடவை வந்துச்சும்மா. என் கண் எதிர்லதானே பிடிக்கும். ஆமா, ஒரு குழாய்க்கு உங்க யுனிவர்சிட்டியிலேர்ந்து எத்தனை பேர்தான் வருவீங்க? உங்க பெரியவரும் வந்தாரே.

— எந்தப் பெரியவர்?

— உன் டீயைப் புகழ்ந்துக்கிட்டே இருப்பாரே, அந்த ஜோல்டோஷ் அகாய். கையுறை போட்டுக்கிட்டு ரெண்டு பாட்டில் பிடிச்சார். உள்ளே வாங்கன்னு கூப்பிட்டேன், வரல. வாசல்லயே நின்னு என் வயித்தைப் பாத்தார். எத்தனை மாசம்னு கேட்டார். அம்மாகிட்ட சொல்ல வேண்டாம், சும்மா வழக்கமான சோதனைன்னார். முகமே சரியில்ல, பாவம்.

— எப்போ?

— நான் ஆஸ்பத்திரி போயிட்டு வந்த மறுநாள். ரெண்டு வாரம் இருக்கும், ஒரு நாள் முன்னப்பின்ன.

— மய்ராம், அடுப்புல என்ன வச்சிருக்கே?

— டீக்குத் தண்ணி.

— இறக்கு. கொட்டு. கேன்ல இருக்கறது, பானையில இருக்கறது எல்லாத்தையும் கொட்டு. ஒரு சொட்டு வாயில படக்கூடாது. பக்கத்து வீடுகள்லயும் போய்ச் சொல்லு. இல்ல, நீ நடக்காதே, அவனை அனுப்பு. அவன் வந்ததும் உன்னை நேரா டவுன் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டு வரச் சொல்லு.

— அம்மா, பயமுறுத்தாதே. என்ன ஆச்சு?

— சொன்னதைச் செய். நான் வர்றேன். வச்சுடு.

— எஜே, சோதனை முடிவு வந்த அன்னிக்கே அட்டவணையைத் தூக்கிக்கிட்டு அகாய்கிட்டதான் ஓடினேன். “பீதியைக் கிளப்பாதே, நான் பாத்துக்கறேன், இனி நீ அங்கே போகாதே”ன்னார். நான் நம்பினேன். அடுத்த வாரம் என் பேர்ல புகார் வந்துச்சு. நான் அன்னிக்கே அந்த நீலக் கேட்டு வீட்டுக்குப் போய்ச் சொல்லியிருக்கணும்.

— நீ எழுதின பக்கத்தை எடு.

— கதவுல தட்டறாங்க எஜே. மணி மூணு.

— தட்டட்டும். எடுன்னேன்.

— கையெழுத்து இன்னும் போடல.

— போடாதே. கிழி. இன்னும் சின்னதா. இந்தா புதுக் காகிதம். எட்டு வாரம் என்ன நம்பர், அப்புறம் மூணு வாரம் என்ன நம்பர், அதை அவர்கிட்ட எந்தத் தேதியில காட்டினே, அவர் என்ன சொன்னார், எல்லாத்தையும் எழுது. சாட்சின்னு கீழே கோடு போட்டு என் பேரை எழுது. எழுதி முடிக்கற வரைக்கும் அவங்க வெளியே நிக்கட்டும்.

— உங்க வேலை போயிடும் எஜே.

— போகட்டும்.

— அவர் கேப்பாரே. ஒரு மாணவி பேச்சை நம்பி எதுக்குச் சாட்சியா வந்தீங்கன்னு எல்லார் முன்னாடியும் உங்களைக் கேப்பாரே.

— கேக்கட்டும் கண்ணு. ரெண்டு வாரமா என் டீயை ஏன் தொடலன்னு நானும் அவரைக் கேக்கறேன்.