வெர்ன் மாட்டின பெரிய ஜெட்

— பானெட்டைத் திற, வெர்ன்.

— இன்ஜின் நெருப்பா கொதிக்குது டார்லீன். கொஞ்சம் ஆறட்டும்.

— திறன்னேன்! ஒன்பது வாரமா ஒவ்வொரு ரேஸ்லயும் தோத்துக்கிட்டிருக்கேன். இன்னிக்கு பொழுதுபோக்குக்கு ரேஸ் ஓட்டுற அந்தப் பல் டாக்டர்கூட என்னை முந்திட்டான். முந்துறப்ப கையை வேற ஆட்டுறான்!

— இண்டியானா வெயில் அப்படி. காத்துல ஈரம் ஜாஸ்தி. கார்புரேட்டருக்கு அது ஆகாது, அதான்.

— அவனுக்கு மட்டும் தனியா காத்து வருதா? அவன் காரும் அறுபத்தொன்பது மாடல், என் காரும் அறுபத்தொன்பது மாடல். ஸ்பேனரை எடு. ஸ்பார்க் பிளக்கைக் கழட்டிப் பாப்போம்.

— வீட்டுக்குப் போய்ப் பாக்கலாமே. அத்தனை பேரும் நம்மளையே பாக்குறாங்க.

— பாக்கட்டும். பிளக்கைக் கழட்டச் சொன்னா ஏன் இப்படி முழிக்கிறே? கழட்டினா என்ன தெரியும்? சொல்லு.

— ஒண்ணும் தெரியாது.

— கரி தெரியும். பெட்ரோல் அளவுக்கு மேல போனா பிளக் கரி புடிச்சிரும். போக வச்சது யாரு? சொல்லு!

— கத்தாதே.

— கத்துவேன். ஜூன் மாசம் ஒரு செவ்வாய்க்கிழமை நீ கராஜ்ல கார்புரேட்டரைப் பிரிச்சு, பெட்ரோல் கொட்டுற மாதிரி பெரிய ஓட்டை இருக்கிற ஜெட் மாட்டினதை ஜன்னல் வழியா பாத்தேன். என்னிக்காவது நீயா வாயைத் திறப்பேன்னு காத்துக்கிட்டிருக்கேன்.

— ஆமா! மாட்டினேன். இன்ஜினை மூச்சுத் திணற வச்சேன். அதுக்கப்புறம் அதைத் தொடவே மனசு வரல. இப்ப என்னங்கிறே?

— கல்யாணமாகி இருபத்திரண்டு வருஷம்! உன்னை நம்பித்தானே பெல்ட்டை மாட்டிக்கிட்டு உள்ள உக்காருறேன். துரோகி!

— போன அக்டோபர் ரேஸ்ல நீ டிராக் வளைவுல இருக்கிற அந்தச் சுவர்ல மோதி, தலைகீழாக் கிடந்தே. நான் நெருப்பணைக்கிற சிலிண்டரைத் தூக்கிட்டு ஓடி வந்தேன். அதுல ஒரு பின் இருக்கும், அதை உருவணும். எனக்கு உருவ வரல டார்லீன். நீ உள்ள கத்துறே, இந்த விரல் அசையவே மாட்டேங்குது. அது உனக்குத் தெரியுமா?

— அதை என் மூஞ்சியைப் பாத்து சொல்லியிருக்கணும்.

— சொன்னேன்! இனி ரேஸ் ஓட்டாதேன்னு ஆஸ்பத்திரியில சொன்னேன். வீட்ல சொன்னேன். உங்க அக்காவை விட்டுச் சொல்லச் சொன்னேன். அதுக்கு நீ என்ன பண்ணே? நொறுங்கின காரைச் சரிபண்ண வெல்டிங் ஆளுக்குப் போன் போட்டே!

— ஸ்பேனரை எடு.

— அதான் ஒத்துக்கிட்டேனே. இன்னும் என்ன வேணும் உனக்கு?

— எடுன்னா எடு.

— இந்தா. முதல் பிளக். நல்லா பாத்துக்கோ, கரிக்கட்டை மாதிரி... இது என்ன, பிஸ்கட் கலர்ல இருக்கு?

— அடுத்ததைக் கழட்டு.

— இதுவும் சுத்தமா இருக்கு. இதுவும்... அந்த ஜெட்டுக்கு இப்படி எரியவே எரியாதே. எட்டுமே இப்படியா! யாரு என் ஜெட்டைக் கழட்டினது?

— நான்தான். நீ மாட்டின மறுநாளே பழசைத் திரும்ப மாட்டிட்டேன்.

— அப்ப கார்...

— காருக்கு ஒண்ணுமில்ல, வெர்ன். அந்தச் சுவர்கிட்ட வந்ததும், ஒவ்வொரு தடவையும், என் கால்தான் ஆக்ஸிலரேட்டரை விட்டுத் தானா மேல வந்துடுது.