பூப்போட்ட சீட்

— சிரிக்காத. பஸ் வரும்.

— மூணு வாரமா வந்துட்டுத்தான் இருக்கு. ஊர் வண்டியெல்லாம் சரிபண்ற மெக்கானிக், பொண்டாட்டியை மட்டும் பஸ்ல கூட்டிட்டுப் போறார். சிரிக்காம என்ன பண்றது?

— ஸ்கூட்டர் ரிப்பேர்ல கெடக்குன்னு சொன்னேன்ல...

— என்ன ரிப்பேர்?

— கார்புரேட்டர்.

— போன வாரம் கிளட்ச் வயர்னீங்க.

— கிளட்ச் வயர்லதான் ஆரம்பிச்சுது... அப்படியே பரவிடுச்சு.

— பரவுறதுக்கு அதுக்கும் கேன்சரா?

— ஏய்!

— சரி சரி, மூஞ்சியைத் தூக்காதீங்க. புது கார்புரேட்டர் வாங்கிப் போட வேண்டியதுதானே?

— கிடைக்கல. சரக்கு வரல.

— நம்ம கடையில, மூணாவது தட்டுல, ரெண்டு இருக்கு.

— பஸ் வருதான்னு பாரு.

— பன்னெண்டு வருஷமா கல்லாவுல உட்கார்ந்து பார்ட்ஸ் எடுத்துக் குடுக்குறவ நான். எங்கிட்டயே சரக்கு வரலையாம்!

— முதலாளியம்மா, நாலு மணி நேரம் மருந்து ஏத்திட்டு வந்திருக்க. கொஞ்ச நேரம் பேசாம உட்காரேன். வாந்தி வருதா?

— உங்க பொய்யைக் கேட்டாத்தான் வருது.

— தொப்பியை இழுத்து விடு. காதுல காத்து அடிக்குது.

— முடிதான் போச்சு. காதாவது வெளிய தெரியட்டும்... ஒரு நல்ல சேதி சொல்லவா?

— சொல்லு.

— இதோட முடிஞ்சுது. டாக்டர் அஞ்சு தடவை மருந்து ஏத்தினதே போதும்னுட்டார். ஆறாவது வேணாமாம்.

— எந்த டாக்டர்?

— கண்ணாடி போட்டவர்.

— அங்க வாசல்ல நிக்கிற காவல்காரர்கூடக் கண்ணாடிதான் போட்டிருக்கார்.

— என்ன குறுக்கு விசாரணை? சந்தோஷப்படுவீங்கன்னு பார்த்தா...

— அப்போ நர்ஸ் ஏன் 'இருபத்தொண்ணாம் தேதி பார்க்கலாம்'னா?

— அவ எல்லார்கிட்டயும் அப்படித்தான் சொல்வா. வாய்ப் பழக்கம்.

— தேதி எழுதுற அட்டையைக் காட்டு.

— வீட்டுல இருக்கு.

— அதைக் காட்டாம உள்ளேயே விடமாட்டாங்களே.

— அப்ப... அங்கேயே மறந்துட்டேன்.

— உன் பையில, சீப்புக்குப் பக்கத்துல, நீலமா ஒண்ணு எட்டிப் பார்க்குதே, அது என்ன?

— முடியில்லாதவளுக்கு எதுக்குச் சீப்புன்னு கேளுங்க முதல்ல.

— பேச்சை மாத்தாத. குடு இப்படி... ஆறாவது. இருபத்தொண்ணாம் தேதி. சிவப்பு மையில கோடு வேற போட்டிருக்கு.

— குடுங்க, பையில வெக்கணும்.

— ஏண்டி?

— இன்னைக்கு மருந்து ஏறிட்டு இருந்தப்ப ஜன்னல்ல வேடிக்கை பார்த்துட்டிருந்தேன். மீசைக்காரர் ஒருத்தர் ஸ்கூட்டர்ல போனார். மலை மாதிரி ஆளு. உட்கார்ந்திருந்தது மஞ்சள் பூப்போட்ட சீட்டுல.

— ஊர்ல ஆயிரம் பூப்போட்ட சீட் இருக்கும்...

— நம்ம பழைய திரைத்துணியை வெட்டி நான் தச்ச உறைங்க அது. எனக்குத் தெரியாதா?

— ...அதை மாத்தித் தர்றேன்னுதான் சொன்னேன். அவருக்குப் பூ பிடிச்சுப் போச்சாம்.

— சிரிப்பு காட்டாதீங்க. எனக்கு அழுகை வருது.

— சரி.

— அஞ்சாவதுக்கு ஸ்கூட்டர் போச்சு. ஆறாவதுக்கு என்ன, கடையா? அப்புறம் நீங்க எங்க போய் ஸ்பானர் பிடிப்பீங்க? அதான் அஞ்சு போதும்னேன். டாக்டர் சொல்லல, நான்தான் சொல்றேன். இருபத்தொண்ணாம் தேதி நான் வரமாட்டேன்.

— பஸ் வருது, எழுந்திரு.

— வரமாட்டேன்னா வரமாட்டேன்.

— அஞ்சாவதுக்கு ஏலச்சீட்டுப் பணம் எடுத்தேன். ஸ்கூட்டரை வித்தது ஆறாவதுக்கு. வித்த அன்னைக்கே ஆஸ்பத்திரியில கட்டிட்டேன். கட்டின காசைத் திருப்பித் தரமாட்டாங்களாம், ரசீதுல போட்டிருக்கு. நீ வரலேன்னா அந்த ஊசிக்கு நான்தான் கையை நீட்டணும்... ஏறு, முதலாளியம்மா. கம்பியைப் பிடிச்சுக்க.