கூட்டிக்கொண்டு போகிறவன்

பேய் இரவில்தான் வரும் என்று உங்களுக்கு யார் சொன்னது? கரண்ட் வரும்வரை இப்படிக் கிட்ட இருங்கள், சொல்கிறேன். இது பட்டப்பகலில் நடந்தது... நம்ம நிஷாந்தினியின் பெரியப்பா ஸ்ரீஸ்கந்தராசாவுக்கு.

மத்தியானம் இரண்டு மணி. வெள்ளவத்தையில் கடல்பக்கம் இறங்கும் ஓர் ஒழுங்கை. அந்த வெயிலில் ஒரு காகம்கூட இல்லை. அங்கே ஒரு கலியாண மண்டபம், பெரியப்பாதான் மனேஜர். ஒருகொடவத்தைச் சுங்க முற்றத்திலிருந்து வந்த லொறி ஒரு கல்லை இறக்கிவிட்டுப் போனது. சாக்கைப் பிரித்தார்... மழையில் நனைந்த புழுதியின் வாசம். மழை பெய்து எத்தனையோ நாள்.

மண்டப முதலாளி ஷரீப் ஈரானுக்குத் தேயிலை ஏற்றுகிறவர். அங்கே யாரோ கொடுத்த அன்பளிப்பாம். பழைய பாரசீக அரசர்களின் மாளிகைப் படிக்கட்டுகளில் இப்படிச் செதுக்கியிருப்பார்களாம்: ஊர் ஊராக ஆட்கள் காணிக்கையோடு வரிசையில் வருவார்கள். முன்னால் அரண்மனைக்காரன் ஒருவன், முதல் ஆளின் கையைப் பிடித்து அரசரிடம் கூட்டிக்கொண்டு போவான். இந்தக் கல்லில் கூட்டிக்கொண்டு போகிறவன் மட்டும் இருந்தான். சுருட்டைத் தாடி, ஒரு கையில் கோல். பின்னால் நீட்டிய மற்றக் கைக்குள் யாருடைய விரல்களோ... அதோடு கல் உடைந்திருந்தது.

இதற்குப் பேப்பர் ஏதும் இருக்கிறதா என்று பெரியப்பா கேட்டார். முதலாளி பேச்சை மாற்றினார். அன்றைக்கே பெரியப்பாவுக்கு ஏதோ உறுத்தத் தொடங்கிவிட்டது.

கல்லை மாடிப்படிச் சுவரில் பதித்தார்கள். மணப்பெண் மேலே உடுத்திக்கொண்டு, தோழியின் கையைப் பிடித்தபடி அந்தப் படியால்தான் இறங்க வேண்டும். முதல் கலியாணத்திலேயே தோழி முகம் வெளிறி வந்து நின்றாள்.

"அங்கிள், பொம்பிளையின்ர ஒரு கையை நான் பிடிச்சனான். மற்றக் கையை ஆர் இழுத்தது?"

முதலாளியிடம் சொன்னால் அவர் சிரித்தார், கல்லுக்குமா பயம் என்று. அதன் பிறகு பெரியப்பா கல்லையும் நம்பவில்லை, முதலாளியையும் நம்பவில்லை.

இந்த நிலையில் அவருடைய ஒரே மகள் துஷாந்தினிக்குக் கலியாணம். முதலாளி தன் பரிசென்று அதே மண்டபத்தைக் கொடுத்துவிட்டார். மறுத்தால் வேலையும் போகும், மரியாதையும் போகும். பிள்ளையை அந்தக் கல்லுக்குப் பக்கத்தில்கூட விடுவதில்லை என்று பெரியப்பா முடிவு கட்டினார். தோழி வேண்டாம், சமையலறைப் பக்கத்துப் பின்படியால் நானே கைபிடித்து இறக்குவேன் என்றார். மாப்பிள்ளை வீட்டார் முகம் சுளித்தார்கள். அவர் அசையவில்லை.

முகூர்த்த நேரம். பெண்ணின் அறைக்கதவு பாதி திறந்திருந்தது. மகளைப் பார்த்தால் அழுதுவிடுவோம் என்று முகத்தை மறுபக்கம் திருப்பிக்கொண்டு, கையை மட்டும் உள்ளே நீட்டி, வா பிள்ளை என்றார்.

ஒரு கை வந்து பிடித்தது. குளிர்ந்திருந்தது... ஏசிக் குளிர் என்று நினைத்தார். இறங்கினார். கை நிறையக் காப்புப் போட்ட பிள்ளை, காப்புச் சத்தமே இல்லை... மேளத்தில் கேட்கவில்லை என்று நினைத்தார். பிடி இறுகியது. பயப்படுகிறாள், பாவம் என்று அவரும் இறுக்கிப் பிடித்தார். பிள்ளையைப் பத்திரமாகக் கொண்டு வந்துவிட்டேன் என்று அவருக்கு அப்படி ஒரு நிம்மதி.

மணவறைக்கு முன்னால் வந்து நின்றபோது மனைவி ஜெயராணி பெரிய படியால் ஓடி வந்தார்.

"என்னப்பா, பிள்ளைக்கு இன்னும் பூ வச்சு முடியேல்ல. நீங்கள் ஏன் தனிய இறங்கி வந்தனீங்கள்?"

பெரியப்பா திரும்பினார். பின்னால் யாரும் இல்லை. கையில் இருந்த பிடி... மெல்ல மெல்ல விட்டது.

மணவறையில் மாப்பிள்ளை கஜேந்திரன் தலைகுனிந்து இருந்தார். நிமிராமலே, வெட்கத்தோடு சற்று நகர்ந்து, பக்கத்தில் இடம் விட்டார்.