வெர்லின் விற்காத கேட்டலினா

உங்கள் ஷெரீஃப் ஆபீஸ் காபி ஒன்றும் மோசமில்லை, மேடம். சனிக்கிழமை காலைகளில் டோனட் கடை வாசலில் பழைய வண்டிகளை வரிசையாக நிறுத்தி, பானெட்டைத் திறந்துவைத்துக்கொண்டு நாங்கள் குடிப்பது இதைவிட மோசம். அங்கே யாரும் காபிக்காக வருவதில்லை. "அன்னைக்கு அத நான் வித்திருக்கவே கூடாது" என்று சொல்லத்தான் வருகிறார்கள். ஒவ்வொருத்தனுக்கும் அப்படி ஒரு வண்டி உண்டு. எனக்கு 1962 பான்டியாக் கேட்டலினா. இரண்டு கதவு, வெளிர் நீலம். மகள் பிறக்கப்போகிறாள், நாலு கதவு வண்டி வேண்டும் என்று மனைவி பிடிவாதம் பிடித்தாள். 1986இல் விற்றேன். கதவுத் தூணில் பொறித்திருந்த தயாரிப்பு எண்ணை மட்டும் எழுதி பர்ஸில் வைத்துக்கொண்டேன். மகள் பிறந்த தேதியைக் கேட்டால் கொஞ்சம் யோசித்துத்தான் சொல்வேன்.

பதினோரு வருஷத்துக்கு முன்னால், ஒரு டிராக்டர் பாகம் கேட்டு வெர்லின் ஹூக்ஸ்ட்ராவின் பண்ணைக்குப் போனேன். சோளக்காட்டு நடுவே தனியாக இருந்த கிழவர். கொட்டகையில் சாக்குகளுக்கு அடியில் ஒரு வெளிர் நீல வண்டியின் மூக்கு தெரிந்ததும் சாக்குகளை இழுத்துப் போட்டேன். கதவுத் தூணில் இருந்த எண்ணையும் பர்ஸில் இருந்த எண்ணையும் ஒத்துப் பார்த்தேன். என் வண்டிதான்.

"விக்கிறதுக்கு இல்லப்பா," என்றார் வெர்லின். "ஒரு நாள் நானே சரி பண்ணி ஓட்டுவேன்."

அயோவாவில் கொட்டகைக்குள் வண்டி வைத்திருக்கிற எல்லாக் கிழவர்களும் இதைத்தான் சொல்வார்கள். அந்த ஒரு நாள் வந்து நான் பார்த்ததில்லை. ஆனாலும் வண்டி தேடி அலைகிற நாங்கள் சண்டை போட மாட்டோம். மறுபடி போவோம், வானிலை பேசுவோம், காத்திருப்போம். நான் மாசம் ஒரு தரம் லவங்கப்பட்டை போட்ட இனிப்பு ரொட்டி வாங்கிக்கொண்டு போனேன். ஒவ்வொரு தடவையும் என் பிக்கப் லாரிக்குப் பின்னால் டிரெய்லரை மாட்டிக்கொண்டுதான் போவேன். திடீரென்று சரி என்று சொல்லிவிட்டால்?

எங்கள் சனிக்கிழமை வண்டிக் கிளப்பில் லைல் என்று ஒருத்தன் இருக்கிறான், வாயைத் திறந்தால் கேலிதான். "என்ன மாப்ளே, இன்னைக்கும் பொண்ணு பாக்கப் போறியா? கிழவன் கட்டிக் குடுக்க மாட்டாண்டா!" நானும் சேர்ந்து சிரிப்பேன். வீட்டுக்கு வந்து அழுவேன். அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

கொட்டகைக் கூரையில் ஓட்டை இருந்தது. தண்ணீர் நேராக வண்டியின் பின்சக்கரத்துக்கு மேலே ஒழுகியது. முதல் வருஷம் துருவுக்குள் ஒரு விரல் போனது. இந்த வருஷம் முழங்கை வரை போனது. தார்ப்பாய் வாங்கிக் கொடுத்தேன். அதை வைக்கோலுக்குப் போர்த்திவிட்டார். இன்னொரு பனிக்காலம் அந்த வண்டி தாங்காது. கூரையையாவது அடையுங்கள் என்று கெஞ்சினேன், மேடம். காலில் விழாத குறை.

அக்டோபரில் அந்தச் செவ்வாய்க்கிழமை, காலை பத்து மணிக்குப் போனபோது கொட்டகையில் ஏணி சாத்தியிருந்தது. "உன் நச்சரிப்பு தாங்காமத்தாண்டா ஏறினேன்," என்று கூரையிலிருந்து கத்தினார். எனக்கு அவ்வளவு சந்தோஷம். உள்ளே போய் அண்ணாந்து பார்த்தேன். உளுத்த பலகை உடைந்து, வெர்லின் கான்கிரீட் தரையில் வந்து விழுந்தார்.

முதலில் நான் பானெட்டைத்தான் பார்த்தேன். ஒரு கீறல்கூட இல்லை.

"இடுப்பு போச்சு, கர்ட்," என்றார். "911க்கு அடி."

ஃபோன் பிக்கப்பில் இருந்தது. அதை எடுக்க நடந்துபோகும்போதுதான் யோசித்தேன். ஆஸ்பத்திரிக்குப் போவார், அங்கிருந்து முதியோர் இல்லம். ஒமாஹாவில் இருக்கிற மகள் பண்ணையை ஏலம் விடுவாள். எவனோ வண்டியை எடுத்து, வெட்டி, புது எஞ்சின் வைத்து, ஆரஞ்சு பெயிண்ட் அடிப்பான். பிக்கப்பைத் தாண்டி வீட்டுக்குள் போனேன். வண்டியின் உரிமைப் பத்திரம் சமையலறை இழுப்பறையில் இருந்தது. முன்பு அவரே காட்டியிருக்கிறார். ஒரு பேனாவும் எடுத்துக்கொண்டேன்.

பத்திரத்தைப் பார்த்ததும், "நீயெல்லாம் மனுஷனாடா?" என்றார்.

"கையெழுத்துப் போடுங்க, வெர்லின். அடுத்த நிமிஷம் கூப்பிடறேன்."

"சாகக் கெடக்கேன், இப்பவா?"

"நீங்க எங்க சாகப்போறீங்க? இடுப்புதானே."

போட்டார். கை நடுங்கியதால் எழுத்து கோணலாக இருக்கிறது, அவ்வளவுதான். "எடுத்துட்டுப் போ. நல்லா வச்சுக்க. இப்பக் கூப்பிடுடா," என்றார்.

டயர்களுக்குக் காற்றடித்து, வின்ச் கம்பியால் இழுத்து டிரெய்லரில் ஏற்ற ஒன்றரை மணி நேரம் ஆனது. முதலில் திட்டினார். அப்புறம் மகள் பெயரைச் சொல்லிக் கொண்டிருந்தார். குளிருகிறது என்றார். என்னிடம் பஞ்சு வைத்த புது உறை ஒன்று இருந்தது. நெடுஞ்சாலையில் கல் தெறிக்கும் என்பதால் அதை வண்டிக்குத்தான் போட வேண்டியிருந்தது. வைக்கோல் மேல் கிடந்த தார்ப்பாயை எடுத்து அவருக்குப் போர்த்தினேன். வாடைக்காற்று படாமல் கொட்டகைக் கதவையும் சாத்திவிட்டு வந்தேன்.

மறுநாள் சாயங்காலம் வரை உயிர் இருந்திருக்கும் என்று டாக்டர் சொன்னதாகச் சொல்கிறீர்கள். இருக்கலாம். அந்த நேரத்தில் நான் கராஜில் துருவைச் சுரண்டிக்கொண்டிருந்தேன். ஃபோன் சட்டைப் பையில்தான் இருந்தது.

ஏன் கூப்பிடவில்லை என்று மூன்று தடவை கேட்டுவிட்டீர்கள். வலி குறைந்ததும் அவர் மாற்றிப் பேசியிருப்பார், மேடம். மிரட்டி வாங்கிவிட்டான், வண்டியைத் திருப்பிக் கொடு என்று நின்றிருப்பார். பதினோரு வருஷப் பழக்கம் எங்களுக்குள். கொடுத்த வாக்கை மீறினவர் என்ற கெட்ட பெயர் வெர்லினுக்கு வர வேண்டாம் என்றுதான் அவரை அப்படியே சாக விட்டேன்.