மச்சான் கையில் கயிறு

பந்து அறையின் சாவி என் மேசையின் இடப்பக்க இழுப்பறையில் இருக்கிறது. தோல் பந்துகளுக்கு மாதம் ஒருமுறை விளக்கெண்ணெய் தடவ வேண்டும். தவறினால் தையல் விட்டுப்போகும். கல்லூரியில் யாரிடமாவது இதைச் சொல்லிவிடுங்கள், இன்ஸ்பெக்டர் வெள்ளத்துரை அவர்களே. பிறகு உங்கள் கேள்விக்கு வருகிறேன்.

வள்ளக்காரர் இனிகோ மருத்துவமனையில் தந்த வாக்குமூலத்தைப் படித்துக் காட்டினீர்கள். பெரும்பாலும் சரி. நான் கயிற்றின்மேல் உட்கார்ந்திருந்ததாக அவர் சொல்லியிருப்பது மட்டும் பிழை. நின்றுகொண்டிருந்தேன். தாடை உடைந்தவர் நினைவில் இத்தகைய பிழைகள் நேர்வது இயல்பே.

என் பெயர் பாஸ்கல் கொறேரா. வயது ஐம்பத்தெட்டு. 1949 முதல் இந்த 1976 ஏப்ரல் வரை கல்லூரியின் கால்பந்து அணிக்குப் பயிற்சி அளித்தவன். பதினான்கு கோப்பைகள். அவற்றுள் பதினொன்றை நாங்கள் கடைசிப் பத்து நிமிடத்தில் வென்றோம். அந்நேரம் எதிரணியினர் முழங்காலைப் பிடித்துக் குனிந்து மூச்சு வாங்குவார்கள். எங்கள் பையன்கள் அப்போதுதான் ஓடத் தொடங்குவார்கள். குனிந்து நிற்பவனின் கணுக்கால் எளிதில் உடையும் என்பதையும் நான் கற்பித்திருந்தேன். ஒருமுறை பாளையங்கோட்டையில் பார்வையாளர் ஒருவர், “ஏலே, இவனுவளுக்கு நெஞ்சுக்குள்ள செவுளு இருக்குலே” என்று கத்தினார். எனக்குக் கிடைத்த பாராட்டுகளில் சரியானது அது ஒன்றே.

அந்த மூச்சு கடலில் கிடைத்தது.

எங்கள் கரையில் சங்கு குளிப்பவர் ஒரு கல்லின்மேல் நின்றபடி அடிக்கு இறங்குவார். மூச்சு முட்டினால் இடுப்புக் கயிற்றை அசைப்பார். வள்ளத்தில் இருப்பவர் இழுத்து ஏற்றுவார். அந்தக் கயிற்றை மனைவியின் உடன்பிறந்தவனிடமன்றி வேறெவரிடமும் கொடுப்பதில்லை. தன் தங்கையின் தாலியைத் தானே எவனும் அறுக்க மாட்டான் என்பதே காரணம். நல்ல ஏற்பாடு. பையன்களுக்காக நான் அதில் இரண்டு திருத்தங்கள் செய்தேன். கல்லை இடுப்போடு சேர்த்து, அவர்களே அவிழ்க்க முடியாதபடி முடிச்சு முதுகுப்பக்கம் வருமாறு கட்டினேன். கயிறு அசைந்ததும் இழுக்காமல் எண்ணினேன். முதலாண்டு பத்து வரை; பிறகு இருபது; இந்த ஆண்டு முப்பது. கயிற்றை அசைக்கச் செய்வது அச்சம். மூச்சு அதற்குப் பின்னும் மிச்சம் இருக்கும். கல்லூரிப் பையன்களுக்கு மச்சான் கிடையாதாகையால் கயிறு என் கையில் இருந்தது.

விக்டர் என் தொடக்ககால அணியில் ஆடியவன். 1951-இல் இடது காதில் ரத்தம் வழிய மேலே வந்தான், செவிப்பறை கிழிந்திருந்தது. மறுநாள் இரண்டு கோல் போட்டான். மூன்றாண்டு கழித்து என் தங்கை மெட்டில்டாவை அவனுக்குக் கட்டிவைத்தேன். தாய் தகப்பன் இல்லாத அவளை வளர்த்தவன் நான். அவனை உதவிப் பயிற்சியாளனாகவும் வைத்துக்கொண்டேன். ஜூன் மாதம் என் இடத்துக்கு அவன் வருவதென்று முடிவாகியிருந்தது. மைதானத்துக்கு என் பெயர் வைத்து, என் பயிற்சி முறையை நான்கு வரியில் கல்வெட்டில் பொறிப்பதென்றும் முடிவாகியிருந்தது.

ஜனவரியில் அணித்தலைவன் எஸ்றா மூக்கிலும் இரு காதுகளிலும் ரத்தத்தோடு மேலே வந்தான். வள்ளத்தில் கிடத்திக் கன்னத்தில் பலமுறை அறைந்தேன். காதருகே விசில் ஊதினேன். கண் திறந்திருந்தது, திரும்பவில்லை. இன்றும் பெயர் சொல்லி அழைத்தால் திரும்புவதில்லையாம். ஏரலில் கடை வைத்திருக்கும் அவன் தகப்பனார் வந்து, மகனைக் கடலிலிருந்து காப்பாற்றியதற்காக என் கையைப் பிடித்து நன்றி சொல்லி, அவனை அழைத்துச் சென்றார். நான் மறுக்கவில்லை.

ஏப்ரல் முதல் வாரம் விக்டர் என்னைச் சாப்பிட அழைத்தான். நான் அவனிடம் ஏதோ சொல்ல, மெட்டில்டா சிரித்தாள்.

“அந்தக் காதுல சொல்லாதிய அண்ணே. அது கோல் போஸ்ட்ல மோதிச் செத்த காது. எனக்கு வசதி. இவுகளத் திட்டணும்னா அந்தப் பக்கம் போயி நின்னுக்குவேன்.”

“ஏளா, நீ திட்டுததுக்கு ரெண்டு காதும் போயிருந்தா நல்லாருந்திருக்கும்,” என்றான் விக்டர்.

கோல் கம்பத்தில் மோதியதென்றே அவளிடம் சொல்லிவைத்திருந்தான். இருபத்திரண்டு ஆண்டுகளாக அதை அவன் மாற்றவில்லை. அவள் அடுப்படிக்குப் போனதும் குரலைத் தாழ்த்தினான்.

“மச்சான், ஜூன்லயிருந்து பயலுவளக் கடலுக்குக் கூட்டிட்டுப் போவ மாட்டேன். ஏன்னு காலேஜ்லயும் சொல்லிருவேன். எஸ்றா அப்பாட்டயும் சொல்லணும். அந்த மனுசன் உங்க கையப் பிடிச்சு நன்றி சொன்னதப் பாத்ததுலயிருந்து எனக்குச் சோறு இறங்கல.”

“கல்வெட்டு?”

“கோப்பைய மட்டும் எழுதட்டும்.”

கோப்பையை யாரும் வெல்லலாம். முறை என்னுடையது. இரண்டு நாள் யோசித்தேன். பிறகு அவனிடம், கடைசியாக ஒருமுறை எனக்காகக் கடலில் மூழ்கி வா, மேலே வந்த பிறகும் இந்தப் பயிற்சி வேண்டாமென்றால் நானே கல்லூரியில் சொல்லிவிடுகிறேன் என்றேன். என்மேல் தானே பழி சொல்ல வேண்டியிராது என்று அவன் மகிழ்ந்தான்.

“நாப்பத்திநாலு வயசுல எனக்குப் பரீட்சையா? சரி. கயிறு யாரு?”

“நான்.”

“அப்ப என்ன பயம். உங்க தங்கச்சி தாலி உங்க கையிலல்லா இருக்கு.”

குருத்தோலை ஞாயிறுக்கு முந்தின நாள், காலை ஏழு மணிக்கு, முயல் தீவுக்குத் தெற்கே வள்ளத்தை நிறுத்தினோம். ஐந்து பாகம், ஏறக்குறைய முப்பதடி ஆழம். கடல் அசைவின்றி இருந்தது. நான் கல்லைக் கட்டி முடிச்சுப் போடும்போது, “இறுக்குது மச்சான். ஈஸ்டர் விருந்துக்கு முன்னாலயே வயிறு பெருத்துட்டோ,” என்றான். நெஞ்சில் சிலுவை போட்டுக்கொண்டு இறங்கினான்.

கயிறு அசைந்தது. அன்று நான் எண்ணவில்லை.

“மாஸ்டர், கயிறு ஆடுது,” என்றார் இனிகோ.

“தெரிகிறது.”

“இழுங்க மாஸ்டர். சின்னப்பய இல்ல, வயசான ஆளு.”

நான் கயிற்றை வள்ளத்தின் விளிம்பில் வைத்து அதன்மேல் ஏறி நின்றேன். அவர் என் காலைப் பிடித்துத் தள்ள வந்தார். துடுப்பால் ஒருமுறை அடித்தேன். எழுந்தார். மறுமுறை அடித்தேன், தாடை உடைந்தது அப்போதுதான். அவர் பல் ஒன்று வள்ளத்தின் அடித்தண்ணீரில் கிடந்தது. கயிறு என் உள்ளங்காலின் கீழ் முதலில் வேகமாகத் துடித்தது, பிறகு விட்டுவிட்டு, பிறகு இல்லை.

மேலே இழுத்தபோது, முடிச்சைத் தேடியதில் அவன் விரல் நகங்கள் மூன்று பெயர்ந்திருந்தன. முடிச்சு அவிழவில்லை. வாய்க்குள் மணல் இருந்தது.

கரையில் மெட்டில்டா ஒன்றுதான் கேட்டாள்.

“கயிறு யாரு கையில அண்ணே?”

“என் கையில்.”

அவள் என் இரு கைகளையும் பிடித்து, கயிறு பதிந்த தடத்தைத் தடவிக்கொடுத்தாள். “அப்ப உங்களால முடிஞ்சதெல்லாம் செஞ்சிருப்பிய. நீங்க அழாதிய,” என்று எனக்கு ஆறுதல் சொன்னாள். இனிகோவைப் பாய்மரக் கட்டை அடித்ததென்று எல்லாரும் எண்ணினார்கள், நான் திருத்தவில்லை. அவருக்கு நினைவு தெளிய ஐந்து நாளாயிற்று. அந்த ஐந்து நாளும் எனக்குச் சோறு போட்டவள் மெட்டில்டா. அதன் பிறகு அவள் வரவில்லை. துயரத்தில் இருக்கிறாள், நான் குறை சொல்லவில்லை.

விக்டரைக் கொன்றேன் என்று எழுதிக்கொள்ளுங்கள். கையொப்பமிடுகிறேன். ஆனால் அதற்கு முன் ஒரு திருத்தம். அன்று நான் எண்ணவில்லை என்று சற்று முன் சொன்னேன். பிழை. எண்ணினேன். கயிறு எழுபத்தொன்றில் நின்றது. நான் இழுத்தது நூற்று எண்பத்தாறில். இடைப்பட்ட நேரம் அவன் மூச்சை அடக்கியிருந்தான் என்றே கொண்டேன். என் பையன்களில் வேறெவனையும் நான் முப்பதுக்கு மேல் விட்டதில்லை. கல்வெட்டை இன்னும் வெட்டவில்லையென்றால், விக்டரின் பெயரும் நூற்று எண்பத்தாறு என்ற எண்ணும் அதில் இருக்கட்டும். மெட்டில்டா பார்த்துப் பெருமைப்படுவாள்.