கழுவாத தாள்கள்

பிளாஸ்டிக் தாளில் எதுவும் ஒட்டாது, ஐயா. தண்ணீர் ஊற்றினால் உருண்டு ஓடிவிடும். அதை ஒட்ட வைப்பதுதான் இருபது வருஷமாக என் வேலை. தாளைக் கதிர்வீச்சில் காட்டினால் அதன் மூலக்கூறுகளில் அங்கங்கே முறிவு விழும். பிறகு ஒரு ரசாயனக் கரைசலில் ஊறப்போட்டால், முறிந்த இடங்களிலிருந்து புதிய இழைகள் கிளைவிட்டு வளரும். அதுவரை ஒரு சொட்டையும் ஏற்காத தாள், ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். தீப்புண்ணுக்கு அருமையான கட்டு. ஒட்டாமல் மிஞ்சிய ரசாயனத்தை மட்டும் வெந்நீரில் பலமுறை அலசி எடுத்துவிட வேண்டும். அது நரம்புக்கு விஷம்.

என் மனைவி வீட்டிலேயே தையல் வேலை செய்பவள். அவள் தைத்தால்தான் ரவிக்கை உட்காரும் என்று நாலு தெரு தள்ளியிருந்தும் வருவார்கள். "அவரா? பிளாஸ்டிக்கோட குடித்தனம் நடத்துறாரு" என்று தங்கையிடம் போனில் சொல்லிச் சிரிப்பாள். கேட்டுக்கொண்டு நானும் சிரித்திருக்கிறேன்.

கொதிநீர் அவள் கால்களில் கொட்டியது விபத்து. அதை என் தலையில் கட்டாதீர்கள். முதலில் நான் கொண்டுவந்த தாள்கள் சுத்தமாக அலசியவை. புண் நன்றாகவே ஆறிவந்தது. கட்டு மாற்றிக்கொண்டிருந்தபோது சொன்னாள்:

"கால் சரியானதும் தங்கச்சி வீட்டுக்குப் போயிடறேங்க. இனிமே அங்கதான்."

"ஏன், இங்க என்ன குறை?"

"சொல்லிச் சொல்லி அலுத்துப்போச்சு. நீங்க காதுல வாங்கினாத்தானே?"

நான் குரலை உயர்த்தவில்லை. மறுநாளிலிருந்து தாள்களை அலசுவதை நிறுத்தினேன்.

"எரியுதுங்க" என்றாள். ஆறுகிற புண் எரியத்தான் செய்யும் என்றேன். நம்பினாள். பாதத்தில் எறும்பு ஊர்கிறது என்றாள். பிறகு அதுவும் நின்றது. ஒருநாள் செருப்பு கழன்றதே தெரியாமல் வாசல்வரை நடந்துபோனாள். ஊசியில் நூல் கோக்க விரல் ஒத்துழைக்கவில்லை. நான் கோத்துக் கொடுத்தேன். தலை வாரிவிட்டேன், கொக்கி மாட்டிவிட்டேன். குளியலறைக்குப் போக என் தோளைப் பிடித்துக்கொள்வாள். "நீங்க இல்லேன்னா நான் என்ன ஆகியிருப்பேன்" என்று அழுதாள். கல்யாணமான நாளிலிருந்து அவள் வாயில் அப்படி ஒரு வார்த்தை வந்ததில்லை.

புண் மூடிய பிறகும், தழும்பு மறையட்டும் என்று சொல்லிக் கட்டிக்கொண்டிருந்தேன். மச்சினி வந்துதான் கெடுத்தாள்.

"புண்ணே இல்லாத கால்ல எதுக்கு அத்தான் கட்டு?"

நான் பதில் யோசிப்பதற்குள் ஒரு தாளை உரித்துப் பைக்குள் போட்டுக்கொண்டாள். பரிசோதனைக்குக் கொடுத்திருக்கிறாள். மற்றது உங்களுக்கே தெரியும்.

அவள் மறுபடி நடப்பாளா என்று டாக்டரால் உறுதியாகச் சொல்ல முடியவில்லையாம். ஆமாம், நான்தான் செய்தேன். தெரிந்தே செய்தேன். ஆனால் கொடுமைப்படுத்தினேன் என்று மட்டும் எழுதாதீர்கள். அவளையே கேட்டுப் பாருங்கள், அந்த மாதங்களில் எங்களுக்குள் ஒரு சண்டையாவது வந்ததா என்று.