கம்ப்ரசரை ஓயவிடாத மோர்

ரயில் பொன்னேரியைத் தாண்டியதும் எனக்கு எதிரே இருந்த மெக்கானிக் தன் தொடையில் பளாரென்று தட்டினார்.

"கண்டுபுட்ச்சிட்டேன் நைனா! நம்ம ஐஸ் ஃபாக்டரி கம்ப்ரசர் ஓயாம ஓடறதுக்கு ஐஸ் ரூம்ல நீ வெக்கிற மோர்ச் சொம்புதான் காரணம்."

அவர் பக்கத்திலிருந்த லோடுமேன் சிரித்தார். "இன்னாண்ணா, அரை சொம்பு மோரு அவ்ளோ கரண்டு குடிக்குதா?"

"அத்த எடுக்கறேன்னு ஐஸ் ரூம் கதவத் தொறந்து போட்டு, காத்து வாங்கிகினு நிக்கறியே, அதான் குடிக்குது. உன்னப் பாத்து எல்லாரும் சொம்பு வெச்சிட்டாங்கோ. குடுத்த அளவுக்கு மேல கரண்டு ஓடுனா ஈ.பி.காரங்கோ லைனப் புடுங்கிடுவாங்கோ. அப்பால நமக்கு வேலை ஏது?"

"இந்த வெயிலுக்கு நான் எங்க போறது?"

"நாளைக்கு ரூமுக்கு வெளிய பெரிய பானை வெக்கிறேன். எல்லார் மோரும் அதுலதான்."

"பானைக்கு ஐஸு?"

மெக்கானிக் சற்று யோசித்தார். "காலைல ஒரே தபா கதவத் தொறந்து நானே எடுத்தாறேன். நீ கிட்ட வராத."